மசில் கார் என்றால் என்ன? இவ்வளவு சக்தி எப்படிக் குறைந்த விலையில் கிடைக்கிறது?

சாமானியர் வாங்கும் விலையில், பெரிய எஞ்சின் பொருத்திய இரண்டு கதவுக் கார்தான் மசில் கார். 2015 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியைப் பாருங்கள்: 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 435 குதிரைத்திறன். அப்போது அமெரிக்காவில் தொடக்க விலை சுமார் 32,000 டாலர்தான்.

காரணம், அதே எஞ்சின் குடும்பம் ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் சரக்கு வண்டியிலும் ஓடுகிறது. நிறையத் தயாரித்தால் அடக்கவிலை இறங்கும். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் போடும் ஓட்டல் கணக்குதான்.

மஸ்டாங்கின் தோற்றம் தனி அழகு: நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம், பின்னால் இருபுறமும் மூன்று மூன்று செங்குத்து விளக்குகள். இண்டிகேட்டர் போட்டால் அவை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

நேர்சாலையில்தான் பறக்கும், வளைவில் திணறும் என்பார்கள். அது பழைய பேச்சு. மஸ்டாங்கில் 2015 மாடலிலிருந்து பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி சஸ்பென்ஷன் (மேடுபள்ள அதிர்வைத் தாங்கும் அமைப்பு) உண்டு; அதனால் வளைவிலும் சாலையை நன்றாகப் பிடித்து ஓடும்.