“நாங்க படிக்கிறதுக்குத்தான் மிஸ்!”

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை நான். கதையை நடத்தி முடித்து, “ஆசிரியர் இதை ஏன் எழுதினார்?” என்று கேட்டால், மொத்த வகுப்பும் “நாங்க படிக்கிறதுக்குத்தான் மிஸ்” என்கிறது. தகவல் சொல்ல, மனதை மாற்ற, மகிழ்விக்க என்று மூன்று காரணங்களைப் பலகையில் எழுதிப் போட்டேன். இப்போது மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிள்ளைகள் சொன்னது சரிதானே! பாடப்புத்தகம் அவர்கள் படிக்கத்தான் அச்சாகிறது. அப்புறம், ‘ஆசிரியர்’ என்றாலே அவர்களுக்கு நீங்கள்தான். முதலில் ‘எழுதியவர்’ என்று மாற்றிக் கேளுங்கள். ‘ஏன்’ என்பதையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு, ‘யாருக்கு’ என்று தொடங்குங்கள்.

பேருந்தில் எழுதியிருக்குமே, “படியில் பயணம் நொடியில் மரணம்” என்று. அது யாருக்கு? உள்ளே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கா? “தொங்கிட்டு வர்ற எங்க அண்ணனுக்கு” என்று ஒரு குரலாவது வரும். சரி, “படியில் நிற்காதீர்கள்” என்றாலே போதுமே, எதற்குப் பாட்டு மாதிரி எழுத வேண்டும்? இங்கே அவசரப்படாமல் பேச விடுங்கள். சும்மா சொன்னால் அண்ணன் கேட்கமாட்டான், வாயில் ஒட்டிக்கொண்டால் மறக்கமாட்டான் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மனதை மாற்ற வந்த வரி, மகிழ்விக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. உங்கள் மூன்று பெட்டிகளில் எதற்குள்ளும் அது ஒழுங்காக அடங்காது.

அடுத்து நேருவின் கடிதங்களைச் சொல்லுங்கள். 1928 கோடையில் அவர் அலகாபாத்தில், மகள் இந்திரா முசூரியில். பூமி எப்படி உண்டானது, ஆதி மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கடிதம் கடிதமாக எழுதினார். மறு வருடம் அவை புத்தகமாயின. இந்திராவுக்கு அப்போது 10 வயது, ஏறக்குறைய உங்கள் பிள்ளைகளின் வயது. “அப்பா பக்கத்திலேயே இருந்திருந்தால் எழுதியிருப்பாரா?” என்று கேட்டுப் பாருங்கள். ‘தகவல் சொல்ல’ என்று மட்டும் பதில் வராது.

கடைசியாக, அவர்களையே எழுத வையுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா? அதையே தலைமையாசிரியருக்கு ஒருவர், ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு ஒருவர், வேறு பள்ளி நண்பனுக்கு ஒருவர் எழுதட்டும். யாருக்கு என்று சொல்லாமல் வாசித்தால் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துப்பிழையை அன்றைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். தலைமையாசிரியருக்கு எழுதியதில் ஒன்றை நிஜமாகவே அவரிடம் கொடுத்துவரச் சொல்லுங்கள். (அவர் காதில் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைப்பது உங்களுக்கு நல்லது!)