உதடு சேர்ந்த பிறகு

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓடி, உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஆசை. 'கையில் இருப்பதைக் கொடுத்தால் போதாதா, ஊரறிய எதற்கு ஓட வேண்டும்?' என்கிறார் மாமா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

ஓடுங்கள். ஊரறிய ஓட வேண்டிய காரியம்தான் இது. ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஆனாலும், 'கிரகணத்தன்று வெளியே போனாயா, காய் நறுக்கினாயா?' என்று பெற்றவளைக் குடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரு உருவான முதல் மூன்று மாதத்துக்குள், இரு பக்கமிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் ஒன்று சேராமல் போவதால் வருவது பிளவு. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பணம் கேட்கும்போது இதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடலாம். சத்தமில்லாமல் கொடுத்தால் அது நடக்காது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். உதட்டைச் சேர்க்கும் சிகிச்சை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாத வயதுக்குள் முடிந்துவிடும். உதடு சேர்ந்த குழந்தையின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், வரும் பிளவு வெளியே தெரியாது. அந்தக் குழந்தைக்குப் பால் உறிஞ்ச வராது. பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாலும் மூக்கு வழியே வந்துவிடும். ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தை மூடாவிட்டால் பேச்சு கெடும். க, ட, ப சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்து விட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்குக்குப் போய், வல்லினமெல்லாம் மெல்லினமாகிவிடும். 'பாப்பா' என்ற சொல் 'மாம்மா' என்று வரும். மூடிய பிறகும் பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது. சிலருக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாகும். ஏழெட்டு வயதுக்கு மேல் பல் ஈறில் எலும்பு வைப்பது, பல்லுக்குக் கம்பி என்று பதின்பருவம்வரை போகும்.

அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வழி உண்டு. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனம், இங்குள்ள மருத்துவமனைகளோடு சேர்ந்து அதைச் செய்கிறது. பிறவிக் குறைகளுக்கான அரசுத் திட்டத்திலும் இது வருகிறது. ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பேச்சுப் பயிற்சிக்காகப் பிள்ளையோடு கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அன்றைய கூலியும் போகும். நாலைந்து தடவைக்கு மேல் எப்படி வருவாள்? உங்கள் பணம் அங்கே போகட்டும்.

எனவே மருத்துவமனையில் முதலில் கேளுங்கள்: பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா, வராமல் போன பிள்ளையைத் தேடி அழைக்கிறார்களா? பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும், உங்கள் கணக்கு வழியாக வேண்டாம். குழந்தையின் முகத்தைப் போட்டு நிதி கேட்காதீர்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளையும் அதைப் பார்க்கும்.

42 கிலோமீட்டர் உங்களுக்குப் புதிது என்றால், இந்த ஜனவரியில் பாதித் தூரம் போதும். நம் கடற்கரைப் புழுக்கம் மார்கழியிலும் ஆளைச் சாய்க்கும்.

நிறுவனம் முடிவானதும் எழுதுங்கள். ஒரு பிள்ளையும் தாயும் ஒரு வருடம் வந்துபோகும் செலவை நான் ஏற்கிறேன்.