“என்னால் அந்த வலியைத் தாங்க முடியாது”

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். பக்கத்து வீட்டு அம்மா இதே ஆபரேஷன் செய்துகொண்டு வலியில் அலறியதைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. “என்னால் அந்த வலியைத் தாங்க முடியாது” என்றே தினமும் சொல்கிறார். வலியைச் சமாளிக்க முன்கூட்டியே பயிற்சி தருவார்களாமே, மனதைப் பழக்கினால் வலி குறையுமா டாக்டர்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓரளவு குறையும். அதற்காக அம்மாவின் வலி மனப்பிரமை என்று அர்த்தமில்லை. எலும்பைச் சீவி மூட்டு பொருத்துகிறார்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி மூளைக்குப் போகும் வழியில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் தண்டுவடத்தில் இதற்கு ஒரு கதவு இருப்பதுபோல் விளக்கினார்கள். பயமும் பதற்றமும் அந்தக் கதவை அகலத் திறந்துவிடும்.

அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரில் ஒரு பகுதியினரிடம் மயக்க மருத்துவர் முன்னதாகவே உட்கார்ந்து பேசினார். எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, படுக்கையில் எப்படித் திரும்புவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்கு வலி மருந்து மற்றவர்களைவிடப் பாதியளவே தேவைப்பட்டது. சராசரியாக இரண்டரை நாளுக்கும் மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். எனக்கு இது இன்றும் பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? “தாங்க முடியாது” என்று அம்மா சொல்லும்போது “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று வாயை அடைக்காதீர்கள். எதை நினைத்துப் பயம் என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா இதையேதான் சொன்னார். பேசப் பேசத்தான் தெரிந்தது, ராத்திரி வலித்தால் நர்ஸை எழுப்பித் தொந்தரவு செய்ய வேண்டுமே என்பதுதான் அவருடைய பயம். “பெல்லை அழுத்துங்கள், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்” என்றதும் முகமே மாறிவிட்டது. பயம் எதுவென்று தெரிந்த பிறகு, “வலிக்கும், மருந்து தருவார்கள், நாளாக நாளாகக் குறையும்” என்ற வாக்கியத்தை அம்மாவே தன் வாயால் சொல்லிப் பழகட்டும்.

மூச்சுப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். வயிற்றில் கை வைத்து, நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். வலி வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள வராது, அதனால்தான் இப்போதே. அப்புறம் பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடச் சொல்லுங்கள்.

இது மாத்திரைக்கு மாற்று இல்லை. வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வீரமும் இல்லை. பிசியோதெரபி பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்பு மாத்திரை போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, வலி குறைந்த நாளில் நாள் முழுக்க நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். அது வேண்டாம். நல்ல நாளோ கெட்ட நாளோ, சொன்ன அளவு நடந்துவிட்டு உட்கார வேண்டும். நீங்களும் நிமிடத்துக்கொரு தரம் “வலிக்குதாம்மா?” என்று கேட்காமல், “இன்னிக்கு வாசல் வரைக்கும் போனீங்களா?” என்று கேளுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இவற்றை மூச்சுப் பயிற்சியால் சமாளிக்கப் பார்க்கவே கூடாது.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் அம்மாவைப் பார்ப்பார். தூக்கம் கெட்டதை அவரிடம் சொல்லுங்கள், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி பற்றியும் கேளுங்கள். அந்த அறையில் நீங்கள் பதில் சொல்லாமல் அம்மாவையே பேச விடுங்கள்.