பக்கவாதத்துக்குப் பிறகு நடக்க மெய்நிகர் பயிற்சி உதவுமா?

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மெய்நிகர் கருவியில், அதாவது உடல் அசைவுக்கு ஏற்பத் திரையில் காட்சி மாறும் கருவியில், நடைப்பயிற்சி கொடுக்கலாமா, பணம் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அந்த நிலையில் இருந்தவள்.

என் அம்மா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பூ விற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் எழுந்து நின்றார்; ஆனால் பாரம் முழுவதும் வலது காலில். இடது பாதம் தரையை உரசிக்கொண்டே வரும். அந்தச் செருப்பின் முன்விளிம்பு மட்டும் கரைந்து போயிருந்தது. "இடது காலை ஊன்றும்மா" என்று நாளெல்லாம் சொல்வேன். ஊன்றுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபி மையத்தில், பாரத்தை உணரும் பலகைமேல் அவரை நிற்கவைத்தார்கள். எதிரே திரையில் ஒரு படகு. உடல் சாயும் பக்கம் படகும் போகும். அது வலது கரையிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் கத்தியது அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தார். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. பிசியோதெரபிஸ்ட் இடுப்புப் பட்டையை விடவேயில்லை. படகு மெல்ல நடு ஆற்றுக்கு வந்தது. "இன்னொரு தடவை" என்று அம்மாவே கேட்டார். பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்!

நான் எந்த மையத்துக்கும் விளம்பரம் செய்யவில்லை. பெயரே சொல்லவில்லை, பாருங்கள். மருத்துவரும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பக்கவாதத்துக்கான மெய்நிகர் பயிற்சி பற்றிய 72 சோதனைகளில் 2470 பேரின் முடிவுகளை அலசியது. வழக்கமான சிகிச்சையைவிட மெய்நிகர் பயிற்சி மேல் என்று அதில் நிலைநாட்டப்படவில்லை. வழக்கமான பயிற்சிக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தபோது கைக்குப் பலன் தெரிந்தது; நடைவேகத்துக்கும் சமநிலைக்கும் அந்த அளவு உறுதி இல்லை. அம்மா இன்று கோவில்வரை தனியாகப் போய்வருவதில், நாற்காலியிலிருந்து தினமும் ஐம்பது முறை எழுந்து உட்கார்ந்ததற்கும் வாசற்படியில் ஏறி இறங்கியதற்கும் பெரும்பங்கு உண்டு. திரைக்குப் பதிலாகத் தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைசுற்றல், குமட்டல். இரண்டாம் நாளே விட்டுவிட்டோம். திரையே போதுமானதாக இருந்தது.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரம் மூன்று நாள் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனோம். முதல் படியே முழங்கால் உயரம். இடது காலை அம்மா தூக்கி வைப்பதற்குள் விசில் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் கம்பியைப் பிடித்தபடி தொங்கிவிட்டார். அந்தப் பஸ்ஸில் ஒருவர்கூட "நிறுத்துங்கள்" என்று குரல் கொடுக்கவில்லை. இன்றும் ஆறவில்லை எனக்கு.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டும் முன், கையைப் பிடித்துச் செய்யவைக்கும் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அந்த நேரத்தைக் குறைத்துவிட்டுக் கருவிமுன் நிறுத்துவார்கள் என்றால் வேண்டாம். அதற்கு மேல் கூடுதலாக என்றால், தாராளமாகச் சேருங்கள்.