மத்ரஸாவில் சேர்த்தால் இயற்பியல் என்னாகும்?

கேள்வி: எட்டாவது முடித்த மகனை ஏழு வருட ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) வகுப்பில் சேர்க்க வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அவனுக்கோ இயற்பியல் என்றால் உயிர். ‘இங்கேயே பிளஸ் டூவும் எழுதலாம்’ என்கிறார்கள் மத்ரஸாவில். நம்பலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: நம்பலாம், எந்தப் பாடங்களில் பிளஸ் டூ என்று கேட்டுவிட்டு நம்புங்கள். சில இடங்களில் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுத வைக்கிறார்கள். அதில் தப்பில்லை, அதுவும் அரசுச் சான்றிதழ்தான். ஆனால் ஆய்வுக்கூடம் தேவைப்படாத பாடங்களாகப் பார்த்து வரலாறு, பொருளியல் என்று முடித்துவிட்டால் பையன் பிறகு பொறியியல் பக்கம் போவது கஷ்டம். இயற்பியல் யார் எடுக்கிறார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதுவும் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி வழியும் நேரத்திலா, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மற்றபடி மார்க்கக் கல்வியும் அறிவியலும் ஒட்டாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் லக்னோவில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த மத்ரஸா பாடத்திட்டத்தில் யூக்ளிடின் வடிவியலும் வானியலும் இருந்தன. பிற்பகல் தொழுகையான அஸரின் நேரத்தையே பாருங்களேன்: ஒரு குச்சியை நட்டு, அதன் உச்சிநேர நிழலைக் கழித்துவிட்டு, மீதி நிழல் குச்சியின் நீளம் அளவுக்கு வந்தால் ஷாஃபி சட்ட மரபினருக்கு அஸர், ஹனஃபி மரபினருக்கு அது இரண்டு மடங்காக வேண்டும். ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல்களில் பாங்கு முன்னே பின்னே கேட்பது இதனால்தான். உங்கள் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிநேர நிழல் காணாமலே போகும், ஏன் என்று ஹஜ்ரத் (மத்ரஸா ஆசிரியர்) அந்தக் குச்சியை வைத்தே கேட்டால் பூமியின் சாய்வு, முக்கோணவியல் எல்லாம் வந்துவிடும். 14-ஆம் நூற்றாண்டில் கோள்களின் இயக்கத்துக்குப் புது மாதிரிகள் வகுத்த இப்னு ஷாத்திருக்கு வேலையே டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பதுதான்.

ஆனால் குர்ஆனில் வசனத்துக்கு வசனம் பெருவெடிப்பையும் கருந்துளையையும் தேடிக் காட்டிவிட்டு அதை அறிவியல் வகுப்பு என்று சொல்லும் இடமாக இருந்தால் சேர்க்காதீர்கள். அது சொற்பொழிவு. அளந்து பார்ப்பதும், தப்பாக வந்தால் திரும்பச் செய்வதும் அங்கே கிடையாது.

கேரளத்தில் ஏராளமான பிள்ளைகள் காலையில் மத்ரஸாவுக்குப் போய் ஓதிவிட்டு அப்புறம் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீங்களும் பிளஸ் டூ வரை அப்படியே விடலாம். பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரபிக் கல்லூரிகளும் இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, அவனிடம் கேட்டீர்களா?