கேள்வி பதில்: திரையில் வயதுபோன பெண்கள்

வெள்ளவத்தை வாசகி: ரஜினிக்கு அம்மாவாக வருகிறவர்கள் அவரைவிட இளையவர்களாகத் தெரிகிறார்களே அக்கா, எனக்கு மட்டும்தான் அப்படியா?

இல்லை, சிலர் உண்மையிலேயே இளையவர்கள்தான். இலங்கையில், நம்முடைய காலி நகரில் பிறந்த சுஜாதா, ரஜினியைவிட இரண்டு வயது குறைந்தவர். 'அவர்கள்' (1977) படத்தில் அவருக்கு மனைவி, 'பாபா' (2002) படத்தில் அம்மா. ஸ்ரீவித்யாவும் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி, 1991இல் 'தளபதி'யில் அம்மா. அப்போது அவருக்கு வயது 38. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நாற்பது வயதுப் பெண்ணுக்கென்று எழுதப்பட்ட கதை இல்லாததால்தான் அவ்வளவு பெரிய நடிகைகள் தலையில் நரை பூசிக்கொண்டு நின்றார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: வயதான ஆண்களுக்கும் இதே நிலைதானே?

அவர்களுக்குக் கதவு கொஞ்சமாவது திறந்திருக்கிறது. 'ப. பாண்டி' (2017), 'கேடி (எ) கருப்புதுரை' (2019), 'கடைசி விவசாயி' (2022) என்று முதியவரை நடுவில் வைத்த படங்களைச் சட்டென்று சொல்லிவிடலாம். பாட்டிமாருக்கு அப்படிச் சொல்லப் போனால் 1988இல் மனோரமா நடித்த 'பாட்டி சொல்லைத் தட்டாதே' வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது.

தெகிவளை வாசகி: சீரியல்களில் மாமியார்கள் நிறைந்துதானே இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். ஆனால் மகனையும் மருமகளையும் எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வத்தளை வாசகர்: சரி, நன்றாகச் செய்த படம் ஏதாவது?

'காக்கா முட்டை'யின் பாட்டியைப் பாருங்கள். பேரன்மார் பீட்சாவுக்கு ஏங்குகிறார்கள். பாட்டி விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்து, தோசை மாவில் காய்கறி தூவிச் சுட்டுக் கொடுக்கிறார். பையன்களுக்குப் பிடிக்கவில்லை. அறிவுரையும் இல்லை, அழுகையும் இல்லை. கையில் இருப்பதை வைத்து யோசிக்கிற ஒரு மனுஷியைக் காட்டிவிட்டார்கள். 'சில்லுக்கருப்பட்டி'யில் லீலா சாம்சன் அறுபதைக் கடந்த வயதில் காதல் கதையில் நடித்தார். அப்புறம், இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'ஆகாச குசும்' (2008). மாலினி பொன்சேகா, மறக்கப்பட்ட நடிகையாக வருவார். இளம் நட்சத்திரங்களின் இரகசியச் சந்திப்புகளுக்கு வீட்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற பெண். சிங்களப் படம் என்று தள்ளிவிடாதீர்கள், கட்டாயம் பாருங்கள்.

பம்பலப்பிட்டி மாணவி: குறும்படத்துக்கு ஒரு அம்மம்மா பாத்திரம் எழுதுகிறேன். என்ன கவனிக்க வேண்டும் மிஸ்?

அன்றைக்கு அவருக்கென்று ஒரு வேலை இருக்கட்டும், பிள்ளைகளோடு சம்பந்தமில்லாத வேலை. வங்கியில் நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போகலாம், மீன்காரரோடு பாரைக்கு விலை பேசலாம், பழைய சிநேகிதியோடு மனஸ்தாபப்படலாம். பிள்ளைகள் ரொறன்ரோவில் இருக்க, மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் எத்தனையோ பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். போய்க் கதையுங்கள். நடிக்கவும் அவர்களில் ஒருவரையே கேளுங்கள், இளம்பெண்ணுக்கு நரை பூச வேண்டாம்.