ஆளுங்க பதிவுக்கு ஒரு கிளாஸ்: மலேசியா சுங்கை சிப்புட் பசங்க கேட்டது

அண்ணே, தோட்டத்து ஆபீஸ்ல ஆளுங்க விவரம் வைக்க பைத்தான்ல கிளாஸ் (ஒரு ஆளோட விவரத்த ஒண்ணா வைக்கிற அச்சு) எழுதுறேன், ஐசி நம்பர, அதான் அடையாள அட்டை நம்பர, இன்ட்ல (முழு எண்ணா) வச்சா போதுமா?

வேணாம் தம்பி, ஸ்ட்ரிங்ல (எழுத்தா) வை. ஐசி நம்பர கூட்டிக் கழிக்கவா போறோம்? நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் பொறந்த வருசம், அதனால 2000லேருந்து 2009க்குள்ள பொறந்தவங்களுக்கு நம்பரே சைபர்லதான் ஆரம்பிக்கும், இன்ட்டா மாத்துனா அந்த சைபர் போயிரும், 12 இலக்கம் 11 இல்லன்னா அதுக்கும் கீழ ஆயிரும், அப்புறம் தேடுனா ஆளே கெடைக்காது. ஜாவால இன்னும் மோசம், அங்க இன்ட்டுக்கு உச்சமே 2147483647தான், 12 இலக்கம் அடங்காது. கிராணி (தோட்டத்து கிளார்க்) ஒரு நாள் நடுவுல சின்னக் கோடு (-) போட்டு டைப் பண்ணுவாரு, ஒரு நாள் கோடு இல்லாம, அதனால ஆப்ஜெக்ட் (அந்த கிளாஸ வச்சு ஒரு ஆளுக்கு உருவாக்குற பதிவு) உருவாகுற எடத்துலயே கோட்ட எடுத்துட்டு 12 இலக்கம் இருக்கான்னு பாரு, இல்லன்னா அங்கயே வேல்யூ எரர் குடுத்து நிறுத்து. தப்பான பதிவு உள்ள வந்துட்டா அப்புறம் தேடி எடுக்குறது பெரிய பாடு. வயசுக்கு ஃபீல்டே (தனி எடமே) வேணாம், பொறந்த தேதிய வச்சுட்டு வயச ப்ராபர்ட்டில, அதாவது கேக்குறப்ப கணக்குப் போட்டுத் தர்ற ஃபங்ஷன்ல, கணக்குப் பண்ணிக்க, 34னு எழுதி வச்சா அடுத்த வருசம் அது பொய்.

பேருக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு ஃபீல்டு போடணுமா?

நம்ம பேருல ஏ/எல் (மகன்), ஏ/பிக்கு (மகள்) அப்புறம் வர்றது அப்பா பேரு தங்கச்சி, குடும்பப் பேரு இல்ல. ஐசில இருக்கிற மாதிரியே முழுசா ஒரே ஃபீல்டுல வை.

சம்பளத்த ஃப்ளோட்ல (புள்ளி வச்ச எண்ணா) வச்சேன், சென் கணக்கு இடிக்குது.

இடிக்கத்தான் செய்யும், பைத்தான்ல 0.1 + 0.2 போட்டுப் பாரு, 0.30000000000000004னு வரும். முழு சென்னா இன்ட்ல வை, இல்லன்னா புள்ளிக் கணக்க பிசகாம வைக்கிற டெசிமல்ல வை. 2008 ஏப்ரல்லேருந்து ரொக்கத்துக்கு 5 சென்னா ரவுண்டு பண்றாங்களே, அத கையில குடுக்குறப்ப பண்ணு, பதிவுல உள்ள தொகைய தொடாத.

ஒரு ஆளுக்கு அவரு வெட்டுன குலை கணக்கு சேர்த்தா எல்லாருக்கும் சேருது, ஏன்ணே?

குலைகள் = []னு கிளாசுக்கு நேர் கீழயே எழுதியிருப்ப. அது எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒரே லிஸ்ட், பத்து பேரும் ஒரே நோட்டுல எழுதுற மாதிரி. இனிட் ஃபங்ஷனுக்குள்ள செல்ஃப்னு போட்டு உருவாக்கு. பைத்தான் 3.7ல வந்த டேட்டாகிளாஸ்ல (இனிட்ட தானே எழுதிக்கிற கிளாஸ்) அந்த வெறும் லிஸ்ட குடுத்தா அதுவே எரர் சொல்லிரும், அங்க ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் புது லிஸ்ட் உருவாக்குற டீஃபால்ட் ஃபேக்டரி போடணும். இன்னொன்னு, நாள்1, நாள்2னு 31 ஃபீல்டு போடுறத நெறைய பேருகிட்ட பாக்குறேன், தயவுசெஞ்சு வேணாம்பா, ஒரு நாள் வெட்டுன குலைக்கு தேதி, எண்ணிக்கை, ஆளோட ஐசினு தனியா ஒரு சின்ன கிளாஸ் எழுது, மாசக் கணக்கு கேட்டா தேதிய வச்சு கூட்டிக்கலாம், பாத்தி மாறுனாலும் ஒரு ஃபீல்டு சேர்த்தா முடிஞ்சுது.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கெட்டர், செட்டர் (மதிப்ப எடுக்க, மாத்த தனித்தனி ஃபங்ஷன்) எழுதணுமா?

பைத்தான்ல தேவையில்ல. ஜாவால 16லேருந்து ரெக்கார்ட்னு விவரம் வைக்க மட்டும் ஒரு சின்ன கிளாஸ் வகை இருக்கு, ஒரே வரில முடிஞ்சிரும், ஆனா போட்ட மதிப்ப மாத்த முடியாது, குலை கணக்குக்கு அது நல்லது, அடிக்கடி ஃபோன் நம்பர் மாத்துற ஆளுங்க விவரத்துக்கு சாதா கிளாஸே வச்சுக்க.